ஓட்டுப்பெட்டியில் இருந்து வந்த பேரரசர்

1848 டிசம்பர் 10, 11 தேதிகளில் பிரான்ஸில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. அந்த நாட்டு வரலாற்றில் அதுதான் முதல். பத்து மாதம் முன்பு வரை, கணிசமாக வரி கட்டும் சொத்துக்காரர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேருக்குத்தான் அங்கே ஓட்டு. பிப்ரவரி புரட்சியில் மன்னர் லூயி பிலிப் இங்கிலாந்துக்கு ஓடியதும், வயது வந்த ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு என்று அறிவித்தார்கள். ஒரே வீச்சில் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். வேட்பாளர்களில் ஜெனரல் கவேன்யாக் இருந்தார். ஜூன் மாதத் தொழிலாளர் கலகத்தை ரத்தம் சிந்த அடக்கி, அப்போது அரசை நடத்திக்கொண்டிருந்தவர். குடியரசைப் பிரகடனம் செய்தவர்களில் ஒருவரான கவிஞர் லமார்த்தீனும் இருந்தார். எண்ணிப் பார்த்தால் கவேன்யாக்குக்குச் சுமார் 14 லட்சம் ஓட்டு. லமார்த்தீனுக்கு 20 ஆயிரம்கூடத் தேறவில்லை. 54 லட்சம் ஓட்டு, அதாவது ஏறத்தாழ 74 சதவீதம் வாங்கி ஜெயித்தவர், நாட்டுக்கு நிரந்தரமாகத் திரும்பி மூன்று மாதம்கூட ஆகாத ஒருவர். பிரெஞ்சையே ஜெர்மன் வாடையோடு பேசியவர். பெயர் லூயி நெப்போலியன் போனபார்ட்.

நான்கே ஆண்டில் அவர் மூன்றாம் நெப்போலியன் என்ற பட்டத்தோடு பேரரசர் ஆனார். வாட்டர்லூவில் தோற்ற பெரியவரைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதியாயிற்று. இவரைப் பற்றிக் குறைவு. ஆனால் நாம் வாழும் காலத்து அரசியலைப் புரிந்துகொள்ள அவரைவிட இவர்தான் அதிகம் உதவுவார் என்பது என் எண்ணம். எல்லோருக்கும் ஓட்டு வந்துவிட்டால் ஒற்றை ஆள் ஆட்சிக்கு இடமே இருக்காது என்று அன்றைய ஐரோப்பிய மன்னர்கள் பயந்தார்கள். குடியரசுவாதிகள் அதையே நம்பிக்கையாக வைத்திருந்தார்கள். அந்த ஓட்டை வைத்தே ஒற்றை ஆள் ஆட்சியைக் கட்ட முடியும் என்று செய்து காட்டியவர் இவர்.

அவர் பிறந்தது 1808 ஏப்ரல் 20, பாரிஸில். அப்பா லூயி, நெப்போலியனின் தம்பி, அண்ணன் தயவில் ஹாலந்தின் அரசராக இருந்தவர். அம்மா ஓர்தான்ஸ், நெப்போலியனின் முதல் மனைவி ஜோசஃபினுக்கு முந்தைய திருமணத்தில் பிறந்த மகள். ஆக, பேரரசர் இவருக்குப் பெரியப்பாவும் ஆவார், ஒரு வழியில் தாத்தாவும் ஆவார். 1815இல் பெரியப்பா வீழ்ந்ததும் போனபார்ட் குடும்பத்துக்கே நாட்டில் இடமில்லை என்று ஆனது. ஏழு வயதுப் பையன் அம்மாவோடு வெளியேறி ஸ்விட்சர்லாந்தில் வளர்ந்தான், பவேரியாவின் ஆக்ஸ்பர்க்கில் படித்தான். ஜெர்மன் வாடை அங்கே ஒட்டிக்கொண்டதுதான். 1832இல் நெப்போலியனின் ஒரே வாரிசு வியன்னாவில் இறந்துபோக, அரியணைக்கு அடுத்த உரிமைக்காரன் தானே என்று இவர் முடிவு கட்டிக்கொண்டார். அதை வேறு யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு முறை ஆட்சியைப் பிடிக்க முயன்றார். இரண்டுமே கேலிக்கூத்தாக முடிந்தன. 1836இல் ஸ்ட்ராஸ்பர்க் பாசறையில் சிப்பாய்களைத் திரட்டப் போய் சில மணி நேரத்தில் பிடிபட்டார். அரசு வழக்குகூடப் போடாமல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டது. 1840 ஆகஸ்டில் லண்டனில் ஒரு நீராவிக் கப்பலை வாடகைக்கு எடுத்து, ஐம்பது அறுபது பேரோடு பூலோன் கடற்கரையில் இறங்கினார். கப்பலில் ஒரு கழுகும் இருந்தது. பெரியப்பாவின் சின்னம் கழுகு அல்லவா? பத்திரிகைகள் அந்தக் கழுகை லேசில் விடவில்லை. இந்த முறை ஆயுள் சிறை, ஹாம் என்ற கோட்டையில். அதே ஆண்டு டிசம்பரில் அதே அரசு செயின்ட் ஹெலினாவில் இருந்து பெரியப்பாவின் உடலைக் கொண்டுவந்து பாரிஸில் பெரும் ஊர்வலம் நடத்தியது. செத்த நெப்போலியனுக்கு மாலை, உயிரோடு இருக்கும் நெப்போலியனுக்குக் கம்பி! அந்த ஊர்வலத்தால் கடைசியில் லாபம் அடைந்தவர் கம்பிக்குப் பின்னால் இருந்தவர்தான்.

சிறையில் ஆறு ஆண்டு. நிறையப் படித்தார், எழுதினார். 1844இல் வறுமை ஒழிப்பு பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார்: தரிசு நிலங்களை அரசு எடுத்து வேலையில்லாத தொழிலாளர்களைக் குடியேற்ற வேண்டும் என்பது அதன் சாரம். திட்டம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்பது இருக்கட்டும். ஏழைத் தொழிலாளியைப் பற்றி நாலு வார்த்தை எழுதிய இளவரசர் வேறு யாரும் அன்று இல்லை. 1846 மே மாதம் கோட்டையில் பழுதுபார்ப்பு வேலை நடந்தபோது மீசையை மழித்து, கொத்தனார் வேலைக்காரன் உடையில், தோளில் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாகவே நடந்து வெளியேறினார். ‘பதாங்கே’ என்று ஒரு தொழிலாளியின் பெயர் அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டு கடைசி வரை போகவில்லை.

இப்படிப்பட்டவருக்கு 54 லட்சம் ஓட்டு எப்படி விழுந்தது? பெயர் ஒரு காரணம். பத்திரிகை எட்டாத கிராமத்திலும் நெப்போலியன் படம் போட்ட மலிவு அச்சுத்தாள் சுவரில் தொங்கியது. திண்ணையில் உட்கார்ந்து பழைய போர்களைப் பேசும் சிப்பாய்க் கிழவர்கள் இருந்தார்கள். ஆனால் பெயர் மட்டும் போதாது. புதிய குடியரசு 1848 மார்ச்சில் நேரடி வரிகளின் மேல் 45 சதவீதம் கூடுதல் வரி போட்டது. பாரிஸில் வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுக்க எங்கள் நிலத்தில் வரியா என்று விவசாயி கொதித்தான். ஜூனில் சுடப்பட்ட பாரிஸ் தொழிலாளியோ கவேன்யாக்கைத் தவிர யாருக்கும் போடுவேன் என்றான். தியேர் போன்ற பழுத்த அரசியல்வாதிகள், ஆள் மந்தம், நாம் பிடித்து ஆட்டலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஒருவரோடு ஒருவர் சேரவே முடியாதவர்கள் எல்லோரும் ஒரே பெயரில் ஓட்டுப் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அந்தப் பெயரில் ஒரு தனி அர்த்தம் இருந்தது.

சட்டப்படி பதவிக்காலம் நான்கு ஆண்டு. தொடர்ந்து இரண்டாம் முறை நிற்க முடியாது. அரசியல் சட்டத்தைத் திருத்தப் பார்த்தார். நாடாளுமன்றத்தில் நாலில் மூன்று பங்கு ஆதரவு கிடைக்கவில்லை. இதற்கு நடுவே அந்த நாடாளுமன்றமே ஒரு தவறு செய்தது. 1850 மே 31இல் ஒரு சட்டம் போட்டு, ஒரே ஊரில் மூன்று ஆண்டு தொடர்ந்து குடியிருக்காதவர்களின் ஓட்டைப் பறித்தது. வேலை தேடி ஊர் ஊராகப் போகும் கூலிக்காரர்கள் சுமார் 30 லட்சம் பேர் பட்டியலில் இருந்து காணாமல் போனார்கள். பறித்தது நாடாளுமன்றம்; திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்லும் வாய்ப்பு லூயி நெப்போலியனுக்கு.

1851 டிசம்பர் 2. பெரியப்பா முடிசூடிய நாள், ஆஸ்டர்லிட்ஸ் போரில் வென்ற நாள். தேதியைப் பார்த்துத்தான் வைத்தார்கள். முந்தைய இரவு எலிசே மாளிகையில் வழக்கமான விருந்து. விருந்தாளிகள் போன பிறகு, ‘ரூபிகான்’ என்று எழுதிய கோப்பு பிரிக்கப்பட்டது. ஜூலியஸ் சீசர் ஆட்சியைப் பிடிக்கக் கடந்த ஆற்றின் பெயர் அது. அறிவிப்புகளின் கையெழுத்துப் பிரதி அரசு அச்சகத்துக்குப் போனது. அச்சுக்கோப்பவர்களுக்கு விஷயம் தெரியக் கூடாது என்று தாளைத் துண்டு துண்டாக வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்து, பக்கத்தில் போலீஸை நிறுத்தி எழுத்துக் கோக்க வைத்தார்கள். விடிவதற்குள் சுவரொட்டிகள் தயார். தியேர், கவேன்யாக் உள்ளிட்ட தலைவர்களைப் படுக்கையிலேயே கைது செய்தார்கள். காலையில் பாரிஸ்காரர்கள் சுவரில் படித்தது: நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது, எல்லா ஆண்களுக்கும் ஓட்டுரிமை திரும்பத் தரப்பட்டது.

டிசம்பர் 4இல் பெருவீதிகளில் படை சுட்டதில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். மாகாணங்களில், குறிப்பாகத் தெற்கில், எழுச்சி நடந்தது. நாடு முழுக்க சுமார் 26 ஆயிரம் பேரைப் பிடித்தார்கள். அதில் ஏறத்தாழ 10 ஆயிரம் பேரை அல்ஜீரியாவுக்கு அனுப்பினார்கள். அப்புறம்தான் பொதுவாக்கெடுப்பு. முதலில் பெயரைப் பதிவேட்டில் எழுதி வெளிப்படையாக வாக்களிக்கச் சொன்ன அரசு, எதிர்ப்பு வந்ததும் ரகசிய ஓட்டாக மாற்றியது. ராணுவத்துக்கு மட்டும் வெளிப்படை. சுமார் 74 லட்சம் பேர் ‘ஆம்’, ஆறரை லட்சம் பேர் ‘இல்லை’. அடுத்த ஆண்டு நவம்பரில் பேரரசு வேண்டுமா என்று இன்னொரு வாக்கெடுப்பு. 78 லட்சம் ‘ஆம்’. மிரட்டல் இருந்தது உண்மை. ஆனால் மிரட்டல் மட்டுமே என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. நாடு கடந்து போய் அவரைச் ‘சின்ன நெப்போலியன்’ என்று ஏசித் தீர்த்த விக்டர் ஹ்யூகோவுக்கு இருந்த பெரிய வருத்தமே அந்த ஓட்டு எண்ணிக்கைதான்.

ஓட்டு எல்லோருக்கும் உண்டு; அது எங்கே போய் விழ வேண்டும் என்பதை மட்டும் அரசு பார்த்துக்கொண்டது. இதுதான் அவர் ஆட்சியின் பொறியமைப்பு. ஒவ்வொரு தொகுதியிலும் ‘அரசு வேட்பாளர்’ ஒருவர் அதிகாரபூர்வமாகவே உண்டு. அவருடைய சுவரொட்டி அரசு அறிவிப்புபோல வெள்ளைத் தாளில் வரும், மற்றவர்கள் கலர் தாளில்தான் போட வேண்டும். நம்மூர் கலெக்டர் போன்ற பிரெஃபெக்ட் அவருக்காக வேலை செய்வார். ஊர் மேயரை நியமிப்பதே அரசு என்பதால் அவரும் ஓடுவார். ஜெயித்த ஊருக்குப் பாலம் வரும், சாலை வரும். எதிர்த்து நிற்பவர் சாகசக்காரர்தான். பத்திரிகைகளுக்கு முன்தணிக்கை இல்லை. இரண்டு எச்சரிக்கை வந்தால் பத்திரிகையை நிறுத்திவைக்கலாம் என்ற விதி மட்டும். ஆசிரியர்கள் தாங்களே தணித்துக்கொண்டார்கள். தேர்தலை ரத்து செய்யாமல், பத்திரிகையை மூடாமல், இரண்டையும் பல் பிடுங்கி வைத்திருக்கலாம் என்பது 1850களில் புதிய கண்டுபிடிப்பு.

இதைப் படித்துவிட்டு அவரை வெறும் கொடுங்கோலர் என்று ஒதுக்கினாலும் தப்பு. நாட்டின் பொருளாதாரம் அவர் காலத்தில் வேறு ஆளானது. மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டராக இருந்த ரயில் பாதை 1870இல் 17 ஆயிரத்தைத் தாண்டியது. இன்று எல்.சி.எல். என்ற பெயரில் இருக்கும் கிரெடி லியோனே 1863இலும், சொசியேத்தே ஜெனரால் 1864இலும் தொடங்கிய வங்கிகள். 1860இல் பிரிட்டனோடு சுங்கவரி குறைப்பு ஒப்பந்தம். 1864இல் வேலைநிறுத்தம் குற்றமில்லை என்ற சட்டம்.  1867இல், 500 பேருக்கு மேல் உள்ள ஊர்களில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி என்ற சட்டம். சிறையில் எழுதிய ஆசாமி முழுக்கச் செத்துவிடவில்லை.

அப்புறம் பாரிஸ். இன்று சுற்றுலாப் பயணி படம் எடுக்கும் பாரிஸ் பெரும்பாலும் இவர் கோடு போட்டது. 1832 காலராவில் அந்த நகரில் 18 ஆயிரத்துக்கும் அதிகமானோர் செத்தார்கள்; 1849இல் மறுபடியும் அதே அளவு. சூரியன் எட்டாத சந்துகள், சேன் நதியில் இருந்தே குடிநீர், அதே நதிக்குச் சாக்கடை. 1853 ஜூனில் பிரெஃபெக்டாக வந்த ஓஸ்மானிடம் பேரரசர் ஒரு நகர வரைபடத்தைக் கொடுத்தார். வெட்ட வேண்டிய தெருக்களை அவசரத்துக்குத் தக்கபடி தனித்தனி வண்ணத்தில் தானே கோடு போட்டு வைத்திருந்தார். அடுத்த 17 ஆண்டு ஓஸ்மான் இடித்துக் கட்டினார். 1860 ஜனவரி 1 முதல் சுற்றுவட்டார ஊர்கள் நகருக்குள் வந்தன. 12 வட்டாரங்கள் 20 ஆயின, இன்றைக்கும் அதே 20தான். பொறியாளர் பெல்கிராண் தொலைதூர ஊற்றுகளில் இருந்து கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார். நிலத்தடிச் சாக்கடைகளை 500 கிலோமீட்டருக்கு மேல் நீட்டினார். 1867 உலகக் கண்காட்சிக்கு வந்தவர்கள் அந்தச் சாக்கடையைப் படகில் போய்ச் சுற்றிப் பார்த்தார்கள். காய்கறிச் சந்தைக்குக் கல் கட்டடம் எழும்பியபோது பேரரசருக்குப் பிடிக்கவில்லை. எனக்குக் குடைகள் வேண்டும், அவ்வளவுதான் என்றார். இரும்பும் கண்ணாடியுமாகப் பிறந்தது லே ஆல் சந்தை.

செலவு சுமார் 250 கோடி பிராங்க். கணக்கு நேர்வழியில் இல்லை என்று எதிர்க்கட்சி வக்கீல் ஜூல் ஃபெரி கிழித்து எழுதினார். 1870 ஜனவரியில் ஓஸ்மான் பதவி போனது. அகலச் சாலைகள் தடுப்பரண் கட்ட முடியாமல் செய்வதற்கும் சேர்த்துத்தான் என்று ஓஸ்மானே தன் நினைவுக் குறிப்புகளில் மறைக்காமல் சொல்கிறார். நடுநகர வாடகை ஏறி ஏழைகள் பெல்வில் போன்ற கிழக்குப் புறங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். 1871 பாரிஸ் கம்யூன் எழுச்சியில் அதே கிழக்குப் புறத்து மக்கள் அதே அகலச் சாலைகளிலும் தடுப்பரண் கட்டினார்கள்.

வெளிநாட்டு விவகாரம்தான் அவருக்கு ஆகவில்லை. “பேரரசு என்றால் அமைதி” என்று 1852இல் போர்தோவில் முழங்கியவர், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எங்காவது படை அனுப்பினார். கிரிமியப் போரில் வென்றார், ஆனால் ஏறத்தாழ 95 ஆயிரம் பிரெஞ்சுச் சிப்பாய்கள் செத்தார்கள், பெரும்பாலும் காலராவிலும் காய்ச்சலிலும். 1859இல் இத்தாலிக்காக ஆஸ்திரியாவோடு போர். சொல்ஃபெரினோ களத்தில் கவனிக்க ஆளின்றிக் கிடந்தவர்களைப் பார்த்த ஹென்றி துனான்தான் பின்னால் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வித்திட்டார். அந்தப் போரின் விலையாக நீசும் சவோயும் பிரான்ஸுக்கு வந்தன. அதற்கும் அவர் பாணியில் ஒரு வாக்கெடுப்பு. மெக்சிகோவில் ஓர் ஆஸ்திரிய இளவரசரை, மாக்சிமிலியனை, பேரரசராக உட்கார வைத்துவிட்டு, அமெரிக்கா முறைத்ததும் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டார். 1867 ஜூன் 19இல் மெக்சிகோக்காரர்கள் மாக்சிமிலியனைச் சுட்டுக் கொன்றார்கள். இதை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நியாயப்படுத்த முடியாது.

அவர் ஆட்சி தமிழர் வாழ்க்கையையும் தொட்டிருக்கிறது. 1848இல் குடியரசு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே? 1852இல் லூயி நெப்போலியன் அரசு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோக ஆணை போட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் இருந்து புறப்பட்ட ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் தீவுக்கும், 1854 டிசம்பரில் குவாதலூப் தீவுக்கும் முதல் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. பிரெஞ்சு இந்தியா கையளவு நிலம், ஆள் போதாது. அதனால் 1860இலும் 1861இலும் பிரிட்டனோடு ஒப்பந்தம் செய்து, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியிலும் ஆள் சேர்க்க அனுமதி வாங்கினார்கள். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் இன்று ‘மலபார்’ என்று அழைக்கப்படும் தமிழ் வம்சாவளியினர், அங்கே தீமிதிக்கும் கோயில்கள், ராமசாமி, வீரப்பிள்ளை என்ற பெயர்களின் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல்கள் இவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் காகிதங்கள் இருக்கின்றன. 1859இல் அவர் படை வியட்நாமின் சைகோனைப் பிடித்தது. அதன் பிறகு போலீஸ்காரராகவும் குமாஸ்தாவாகவும் புதுச்சேரித் தமிழர்கள் அங்கே போனார்கள். பாரிஸ் பூங்காக்களைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் திறப்பதில்லை.

கடைசிப் பத்து ஆண்டில் அவர் பிடியைத் தளர்த்தினார். நாடாளுமன்ற விவாதங்களை அச்சிட அனுமதித்தார், பத்திரிகை, கூட்டம் மீதான கட்டுகளை 1868இல் குறைத்தார். தளர்த்தத் தளர்த்த எதிர்ப்பு ஓட்டு ஏறியது. 1869 தேர்தலில் அரசுத் தரப்புக்கு 44 லட்சம், எதிர்ப்புக்கு 33 லட்சம். நகரங்கள் கையை விட்டுப் போயிருந்தன. அவர் மறுபடியும் தன் பழைய ஆயுதத்தை எடுத்தார். 1870 மே 8இல் சீர்திருத்தங்களுக்குப் பொதுவாக்கெடுப்பு: 73 லட்சத்துக்கும் மேல் ‘ஆம்’, 15 லட்சத்துக்கும் மேல் ‘இல்லை’. இனி அசைக்க ஆளில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

நாலு மாதம் தாங்கவில்லை. ஸ்பெயின் அரியணைக்கு ஒரு பிரஷ்ய இளவரசர் பெயர் அடிபட, பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் ஒரு தந்தியைச் சுருக்கிச் சூடாக்கி வெளியிட, பாரிஸ் தெருக்கள் ‘பெர்லினுக்கு!’ என்று கத்தின. ஜூலை 19இல் போர் அறிவிப்பு. படைச் சீர்திருத்தத்தைச் சில ஆண்டு முன்பு பேரரசர் கேட்டபோது வெட்டிச் சுருக்கியது நாடாளுமன்றம்தான். பிரஷ்யாவின் க்ருப் நிறுவனம் தன் ராட்சத பீரங்கியை 1867 கண்காட்சியில் பாரிஸிலேயே வைத்துக் காட்டியிருந்தது, பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். சிறுநீர்ப்பையில் கல், குதிரையில் உட்கார முடியாத வலி; அந்த உடம்போடு படையோடு போனார். செப்டம்பர் 1இல் செடானில் சுற்றி வளைக்கப்பட்டார். குண்டு விழும் இடங்களில் மணிக்கணக்கில் குதிரையில் திரிந்தார், சாவுகூட வரவில்லை. “என் படைகளின் நடுவே சாக முடியாமல் போனதால், என் வாளை உங்கள் கையில் ஒப்படைப்பதுதான் மிச்சம்” என்று பிரஷ்ய மன்னருக்கு எழுதினார். மறுநாள் சுமார் ஒரு லட்சம் பேர் கைதிகள்.

செப்டம்பர் 4 அன்று பாரிஸ் கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது, குடியரசு அறிவிக்கப்பட்டது. பேரரசைக் காக்க ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. மே மாதத்து 73 லட்சம் ‘ஆம்’ எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. இங்கிலாந்தின் சிசில்ஹர்ஸ்டில் 1873 ஜனவரி 9இல், கல் நீக்கும் அறுவை சிகிச்சைகளுக்கு இடையில், அவர் இறந்தார். ஒரே மகன் 1879இல் பிரிட்டிஷ் சீருடையில், தென்னாப்பிரிக்காவின் சூலு இனத்தவரோடு நடந்த மோதலில் செத்தான். அவர், மகன், மனைவி யூஜினி மூவரின் கல்லறையும் இன்றும் இங்கிலாந்தில், பேரரசி யூஜினி ஃபார்ன்பரோவில் கட்டிய மடத்தில் இருக்கிறது.

அவருக்குப் பின்னால் வந்த குடியரசு அவரிடம் கற்ற பாடத்தைச் சட்டமாகவே எழுதிக்கொண்டது. 1871இல் தேசிய மன்றம், பிரான்ஸின் அழிவுக்கும் படையெடுப்புக்கும் துண்டாடலுக்கும் அவரே பொறுப்பு என்று தீர்மானம் போட்டது. 1875 முதல் குடியரசுத் தலைவரை நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தது. 1884இல், முன்பு ஆண்ட குடும்பத்தினர் அந்தப் பதவிக்கு நிற்கவே முடியாது என்று அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு ஒருவரைத் தலைவராக்கும் யோசனையே பிரெஞ்சு குடியரசுவாதிகளுக்குப் பல தலைமுறைக்குத் தீண்டத்தகாததாக இருந்தது. 1962இல் அன்றைய குடியரசுத் தலைவர் டிகால் அதை மீண்டும் கொண்டுவந்தபோது எதிர்த்தவர்கள் லூயி நெப்போலியன் பெயரைத்தான் எடுத்தார்கள். டிகால் விஷயத்தைப் பொதுவாக்கெடுப்புக்கு விட்டார்; 62 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள். 1965இல் பிரான்ஸ் மக்கள், 1848க்குப் பிறகு முதல் முறையாக, தங்கள் குடியரசுத் தலைவருக்கு நேரடியாக ஓட்டுப் போட்டார்கள்.